முர்சிப் பெண்களின் உதட்டுத் தட்டு: அணிந்தவளும் வாங்கியவரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். எத்தியோப்பியாவின் தென்மேற்கு மூலையில் வாழும் முர்சிப் பெண்கள் கீழுதட்டில் அணியும் சுட்டமண் தட்டு. பரந்த தலைப்பொன்றை எடுத்து மேலோட்டமாகப் பேசுவதைவிட, உள்ளங்கை அகலப் பொருளைப் பிடித்துக்கொண்டு அது போன வழியெல்லாம் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓமோ ஆற்றுப் பக்கத்துக் குடிசை வாசலில் உருவான தட்டு இன்று ஏல மையங்களிலும், இணைய விற்பனைத் தளங்களிலும், அருங்காட்சியகப் பேழைகளிலும் இருக்கிறது. அங்கெல்லாம் அதனருகே ஒரு சிறு அட்டை. நான் சொல்ல வந்தது அந்த அட்டையைப் பற்றித்தான். அதில் இனத்தின் பெயர் இருக்கும், குறுக்களவு இருக்கும், கொடுத்தவர் பெயர்கூட இருக்கும். தட்டைச் செய்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது. காலம் அழித்த பெயரன்று அது. வாங்கியவர் கேட்காமல் விட்ட பெயர்.

முர்சிகள் தங்களை ‘முன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஓமோ, மாகோ என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் அவர்களுடையது. 2007-ஆம் ஆண்டு எத்தியோப்பிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 7,500 பேர். பேசும் மொழி நைல்-சகாரா மொழிக்குடும்பத்தின் சுர்மிக் கிளையைச் சேர்ந்தது. மாடுதான் செல்வம், சோளம்தான் சோறு. ஆற்றில் ஆண்டுதோறும் வரும் வெள்ளம் வடிந்ததும் கரையோர வண்டலில் சோளம் விதைப்பார்கள். மழையை நம்பி உள்காட்டில் இன்னொரு விதைப்பு. ஒன்று பொய்த்தால் மற்றொன்று. இரண்டும் பொய்த்தால் மாட்டை விற்றுத் தானியம் வாங்க வேண்டும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். தட்டு ஏன் விற்பனைக்கு வந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி டேவிட் டர்ட்டன் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் வழியாக வந்தது. 1969-இல் அங்கே களப்பணி தொடங்கியவர், பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். கிரனாடா தொலைக்காட்சிக்காக லெஸ்லி வுட்ஹெட் இயக்கிய ஆவணப்படங்கள் அவர் துணையோடு எடுக்கப்பட்டவை. பின்னால் ஷானா லடோஸ்கி என்ற ஆய்வாளர் முர்சிப் பெண்களோடு தங்கி, தட்டைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். பெண்கள் அணியும் பொருளைப் பற்றிப் பெண்களிடம் கேட்டு எழுதியது என்பதால், தட்டை அறிய விரும்புகிறவர்களுக்கு அவருடைய எழுத்தையே முதலில் படிக்கச் சொல்வேன்.

பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயதாகும்போது தாயோ, ஊரில் மூத்த வேறொருத்தியோ அவள் கீழுதட்டில் கீறல் போடுகிறாள். புண் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்குச்சியைச் செருகி வைக்கிறார்கள். ஆறியதும் அதைவிடச் சற்றுப் பெரியது, பிறகு இன்னும் பெரியது. துளை நாலு சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்த பிறகுதான் முதல் தட்டு. கீழ்வரிசை முன்பற்கள் சிலவற்றை எடுத்துவிடுவதும் உண்டு. வலி இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் எதுவரை விரிப்பது என்பதைப் பெண்ணே முடிவு செய்கிறாள். தோழிகளோடு போட்டி போட்டு விரிக்கிறவள் உண்டு, பாதியில் போதும் என்று நிறுத்துகிறவள் உண்டு, வேண்டவே வேண்டாம் என்று மறுப்பவளும் உண்டு. பன்னிரண்டு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் குறுக்களவுள்ள தட்டுகள் அரிதல்ல.

தட்டைச் செய்பவர்கள் பெண்கள். பலர் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கிறார்கள். திரிகை கிடையாது, களிமண்ணைக் கையால் தட்டி வட்டமாக்கி, விளிம்பைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, முகப்பில் கோடும் புள்ளியும் கீறி, நெருப்பில் சுட்டெடுக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, மண்ணின் இயல்பான வெளிர்நிறம் என நிறத்தால் வகைப்படுத்தும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அவர்கள் மொழியில் தட்டுக்குப் பெயர் ‘தெபி’.

நாள் முழுவதும் யாரும் தட்டோடு இருப்பதில்லை. மணமாகாத பெண்கள் ஊருக்குள் நடமாடும்போது விரும்பி அணிகிறார்கள். புதிதாக மணமானவள் கணவனுக்கு உணவு கொண்டுபோகும்போது அணிகிறாள். மாடு கறக்கும்போது, திருமணங்களில், ஆண்கள் நீண்ட கம்புகளோடு மோதும் விழாக்களில் அணிகிறார்கள். பிள்ளைகள் பிறந்து வயது ஏற ஏற அணிவது குறைகிறது. கணவன் இறந்தால் கழற்றி வைத்துவிடுகிறாள். இளம்பெண்ணின் நிமிர்வுக்கும், மெல்ல எடுத்துவைக்கும் அடிக்கும், குடும்பத்தின் மேல் அவளுக்குள்ள பிடிப்புக்கும் அது அடையாளம் என்று பெண்கள் லடோஸ்கியிடம் சொல்லியிருக்கிறார்கள். தலையில் சுமையோடு நிமிர்ந்து நடக்கிற அழகை அவர்கள் தட்டோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆக, இது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கும், குறிப்பிட்ட சில வேளைகளுக்கும் உரிய பொருள். காட்சிப் பேழைக்குள் வைத்ததும் முதலில் மறைந்துபோவது இந்த வேளைக் கணக்குதான்.

தட்டோடு சேர்ந்து விற்கப்படும் இரண்டு கதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிமை வணிகர்கள் கவர்ந்து செல்லாதபடி பெண்கள் தங்களை அழகற்றவர்களாக்கிக்கொண்டார்கள் என்பது முதல் கதை. வழிகாட்டிகள் சொல்கிறார்கள், பயண இதழ்கள் எழுதுகின்றன, பழம்பொருள் விற்பவர்களும் பொருளோடு சேர்த்துத் தருகிறார்கள். இதற்கு முர்சிகளிடம் எந்தச் சான்றும் இல்லை என்று டர்ட்டன் தெளிவாக எழுதியிருக்கிறார். கதைக்கு அடியில் இருப்பது பார்க்கிறவரின் கண். ‘இதை அழகு என்று யாரும் நினைத்திருக்க முடியாது’ என்ற முடிவிலிருந்து பிறந்த விளக்கம் அது. அணிந்தவள் அதை அழகு என்றே சொல்கிறாள். அவள் சொல்லை விட்டுவிட்டு வேறு காரணம் தேடும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

தட்டு பெரிதானால் பரியமாக வரும் மாடும் கூடும் என்பது இரண்டாவது கதை. விற்பவர்களுக்கு இது மிகவும் வசதி. பெரிய தட்டுக்குப் பெரிய விலை கேட்கலாம். முர்சித் திருமணத்தில் மாடு கைமாறுவது உண்மை. வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை 38. ஆனால் உதடு கீறுவதற்கு முன்பே பல திருமணங்கள் பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு தட்டின் அளவு எப்படி மாட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்?

அணிந்தவளைக் கேட்காமல் கதை கட்டும் இந்தப் பார்வை நேற்று வந்ததன்று. 1930-இல் அமெரிக்காவின் ரிங்ளிங் சகோதரர்கள், பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ், உதட்டுத் தட்டணிந்த ஆப்பிரிக்கப் பெண்களை ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தது. ‘உபாங்கி’ இனத்தவர் என்று விளம்பரம் செய்தார்கள். உபாங்கி என்பது ஒரு ஆற்றின் பெயர். அந்தப் பெண்கள் இன்றைய சாட் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த சாரா மக்கள். வரைபடத்தைப் பார்த்து, காதுக்குக் கவர்ச்சியாக ஒலித்த பெயரை விளம்பர அலுவலர் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மேடையில் நின்ற பெண்ணின் பெயரோ ஊரோ யாருக்கும் தேவைப்படவில்லை. இன்றைய விற்பனைப் பட்டியல்களில் ‘முர்சி அல்லது சுர்மா’ என்று எழுதி ஒரு தட்டை விற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சர்க்கஸ்தான் நினைவுக்கு வருகிறது. சுரி மக்கள் முர்சிகளின் அண்டை மக்கள், உறவு மொழி பேசுகிறவர்கள், அவர்கள் பெண்களும் தட்டு அணிகிறார்கள். ‘சுர்மா’ என்பது வெளியார் அவர்கள்மேல் விரித்த பொதுப்பெயர். மரத்தில் செதுக்கிய தட்டுகள் பலவும் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. ‘அல்லது’ என்று எழுதியவருக்கு வாங்கிய ஊரே தெரியாது என்பதுதான் பொருள்.

சேகரிப்பாளர்களிடம் வருகிறேன். அவர்கள் மதிப்பது பழைய தட்டை, அதிலும் அணிந்த தட்டை. ‘புழங்கிய பொருள்’ என்ற ஒரு சொல் சேர்ந்தால் விலை ஏறுகிறது. புழக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தனியார் தொகுப்பு ஒன்றில் ஒரு தட்டைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தேன். விரித்த உள்ளங்கையைக் கிட்டத்தட்ட மறைக்கும் அளவு. விளிம்பைச் சுற்றி, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுமே, அந்த மாதிரிப் பள்ளம். உதட்டுத் தசை வளையமாக அதில்தான் உட்காரும். அந்தப் பள்ளம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்து, விரல் வழுக்கும் அளவுக்கு மழமழத்திருந்தது. எச்சிலும் கொழுப்பும் தோலும் சேர்ந்து தேய்த்த பளபளப்பு. மேல்முகப்பில் விளிம்பை ஒட்டி இரண்டு சுற்றுக் கீறல், அவற்றுக்கிடையே நெருக்கமாகக் குத்திய புள்ளிகள். ஓரிடத்தில் புள்ளிகள் நெருங்கிவிட்டன. இடம் போதாமல் போனதைக் கடைசிச் சுற்றில்தான் அவள் கவனித்திருக்க வேண்டும். திருப்பினேன். அடிப்புறம் வெறுமையாக இருந்தது. ஒரு ஓரத்தில், மண் ஈரமாக இருந்தபோது பிடித்துத் தூக்கிய விரலின் ரேகை அப்படியே சுட்டு நின்றது. உரிமையாளரிடம் இது யார் செய்தது என்று கேட்டேன். ‘முர்சி’ என்றார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதும், அதற்கு முன்பிருந்தவர் சொன்னதும் அவ்வளவுதான்.

நம் தென்மாவட்டத்துப் பாட்டிகள் காதில் அணிந்த பாம்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காது வளர்ப்பது நின்றபோது பாம்படங்கள் நகைக்கடைக்கு எடைக்குப் போயின. அவற்றுக்குள் பொன் இருந்தது. அணிந்தவள் யார் என்று கேட்காமலே விலை சொல்ல முடிந்தது. சுட்டமண் தட்டுக்கு அப்படி எந்த உள்மதிப்பும் கிடையாது. எடைக்குப் போட்டால் ஓட்டாஞ்சில்லு. அதன் மதிப்பு முழுவதும் யார் செய்தாள், யார் அணிந்தாள், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கைக்கு எப்படி வந்தது என்ற செய்தியில் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அந்தச் செய்தியைத் தொலைத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பளபளப்பைப் பார்த்து விலை வைக்கிறார்கள். பளபளப்பைக் கொழுப்பு தேய்த்தும் புகை காட்டியும் வரவழைக்கலாம் என்பது பழம்பொருள் வணிகத்தில் எல்லோரும் அறிந்தது.

விற்பதற்கென்றே செய்த தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் போலி என்று தள்ளுகிறார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்களோடு உடன்பாடே இல்லை. அவை ஏன் செய்யப்படுகின்றன என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. மாடும் போயிற்று, மனிதர்களும் பட்டினியில் இறந்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் முர்சிகளில் ஒரு பகுதியினர் பிழைப்புத் தேடிக் கிழக்கே மாகோ பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த இடம் சாலைக்கும் ஜிங்கா என்ற சந்தை நகரத்துக்கும் கிட்டத்தில் இருந்தது. சுற்றுலா வண்டிகளும் அந்த வழியாகத்தான் வந்தன. பயணிகள் காலையில் வருவார்கள், தட்டணிந்த பெண்களைப் படம் பிடிப்பார்கள், ஒரு படத்துக்கு எத்தியோப்பியப் பணத்தில் சில பிர் கொடுப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டும், மாட்டுக்கொம்பைக் கட்டிக்கொண்டும் பெண்கள் கேமராவுக்கு முன் நிற்பது அவர்கள் மரபிலேயே இல்லாத கோலம். படம் எடுப்பவர் எதைத் தேடி வந்தாரோ அதைக் கொடுத்து, சோளம் வாங்கக் காசு பெறும் வழி. இந்தச் சந்திப்பில் இரு தரப்பும் மற்றவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் பிரிவதை டர்ட்டன் 2004-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். தட்டு விற்பனையும் இதே வண்டிக்கு முன்தான் நடக்கிறது. படத்துக்குக் காசு, வேண்டுமானால் கழற்றிக் கையில் தரும் தட்டுக்குக் காசு, பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் புதுத் தட்டுக்கும் காசு.

பிறகு அணை வந்தது. ஓமோவின் மேற்பகுதியில் கில்கெல் கிபே மூன்றாவது அணையில் 2015-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2016 டிசம்பரில் திறப்பு விழா நடந்தது. கரையை வண்டலால் நிரப்பிய ஆண்டு வெள்ளம் அதோடு நின்றது. கீழே, 2011-இல் அறிவிக்கப்பட்ட குராஸ் சர்க்கரைத் திட்டத்துக்காகக் கரும்புத் தோட்டங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டன. வெள்ளச் சோளம் போன வீட்டில் காசுக்குத் தேவை கூடுமா, குறையுமா? தன் கையால் மண்ணில் தட்டிச் செய்ததை ஒரு தாய் விற்றுத் தானியம் வாங்குகிறாள். செய்தவள் முர்சிப் பெண், மண் முர்சி நிலத்து மண், கீறிய கோலம் அவள் அம்மாவிடம் கற்றது. இதில் போலி எங்கே இருக்கிறது? அணிந்த தட்டு என்று பொய் சொல்லி விற்றால் அந்தப் பொய் மட்டும்தான் போலி. ‘2010-க்குப் பின் விற்பனைக்காகச் செய்தது’ என்று எழுதி வைத்தால் அந்தத் தட்டு அந்த மக்கள் பட்ட பாட்டுக்கு நேரடிச் சான்றாகும். ஐம்பது ஆண்டு கழித்து வரலாறு எழுத வருகிறவருக்கு, வாங்கிய இடம் தெரியாத ‘பழைய’ தட்டைவிட அது எவ்வளவோ உதவும்.

எத்தியோப்பிய அரசு 2000-ஆம் ஆண்டில் பண்பாட்டு மரபுச் சொத்துகளுக்கென்று சட்டம் இயற்றியிருக்கிறது. பழம்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பழையது வேண்டும் என்று தேடுகிற சேகரிப்பாளர் இந்தக் கோட்டை எந்த நேரமும் மிதிக்கலாம். நேராகச் செய்தவளிடம் புதுத் தட்டு வாங்குகிறவருக்கு அந்தப் பயம் குறைவு.

இன்னொரு அரசு நடவடிக்கையும் உண்டு. தட்டணிவதைத் தீங்கான பழைய வழக்கம் என்று வகைப்படுத்தி, கைவிடும்படி அதிகாரிகள் முர்சிகளை வற்புறுத்துகிறார்கள். ஜிங்கா சந்தைக்கு வரும் பெண், தொங்கும் உதட்டுக்காகக் கேலிக்கு ஆளாகிறாள். அதே உதட்டைப் பார்க்கத்தான் வண்டிகள் வருகின்றன, அந்தப் பயணிகளால் அதே நகரத்தின் விடுதிகள் நடக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவள் பதினைந்து வயதுப் பெண். கீற வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் நான் அவள் பக்கம். கீறிக்கொள்கிறேன் என்றால் அவளை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு எதிராகவும் அவள் பக்கம். தட்டின் மேல் ஆசை வைத்த சேகரிப்பாளர் எவரும், ஓர் உதடாவது தன் தொகுப்புக்காகக் கீறப்பட வேண்டும் என்று விரும்ப உரிமையில்லாதவர்.

இனி அருங்காட்சியகம். ஆக்ஸ்ஃபோர்டில் 1884-இல் தொடங்கிய பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் பொருள்களை நாடுவாரியாக வைப்பதில்லை, வகைவாரியாக வைக்கிறார்கள். உதட்டணியையே எடுத்துக்கொண்டால், வடமேற்கு அமெரிக்காவின் டிலிங்கிட் பெண்களும் அதை அணிந்தார்கள். பிரேசிலில் கயாப்போ ஆண்கள் அணிந்தார்கள். அவர்களுடைய தலைவர் ராவோனி மரத்தட்டோடு உலகத் தலைவர்களைச் சந்தித்துக் காட்டுக்காகப் பேசியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உதட்டைத் துளைத்து அணி பூணுவது மனித குலத்தில் பல இடங்களில் தனித்தனியே தோன்றிய வழக்கம் என்பதை வகைவாரி அடுக்கு ஒரே பார்வையில் புரிய வைக்கும். அதே அடுக்கு, தட்டை அதன் ஊரிலிருந்தும் ஆளிடமிருந்தும் பிரித்தும் விடும். பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமே 2020-இல் தன் காட்சியிலிருந்த சுருக்கிய மனிதத் தலைகளை எடுத்துவிட்டது. பழைய பேழைகளைத் திரும்ப எண்ணிப் பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. ஜிங்காவிலேயே, குன்றின் மேல், தென் ஓமோ ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. முர்சிப் பெண் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் அவளுடைய தட்டு வைக்கப்பட்டிருக்கும் இடம் என்பதால், வெளிநாட்டுப் பேழை எதையும்விட அங்கே எழுதும் அட்டைக்குப் பொறுப்பு கூடுதல்.

அட்டையில் இல்லாத பெயருக்குத் திரும்புகிறேன். பழங்காலத் தாழியைத் தோண்டி எடுக்கும்போது குயவர் பெயர் கிடைக்காதது யார் குற்றமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாங்கிய உதட்டுத் தட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வாங்கியவர் அந்தப் பெண்ணின் எதிரில் நின்றார். பேரம் பேசினார். படமும் எடுத்தார். மொழி தெரியாவிட்டாலும் உடன் வந்த வழிகாட்டி இருந்தார். பெயர் கேட்க அரை நிமிடம் போதும். பல தொகுப்புகளில் அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. படத்திலிருக்கும் பெண்ணையும் தட்டின் கோலத்தையும் வைத்துக்கொண்டு முர்சி ஊர்களுக்கே திரும்பப் போனால் அடையாளம் சொல்ல ஆள் கிடைப்பார்கள். அம்மாவின் கைக்கோலம் மகளுக்குத் தெரியும்.

அருங்காட்சியகவியல் படிக்கும் மாணவர்களிடம் நேராகவே கேட்கிறேன். நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கொடையாளர், அளவு, செய்பொருள், இனம் என்று கட்டங்கள் இருக்கும். செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம், அணிந்தவர் பெயருக்கு ஒரு கட்டம், எதற்காகச் செய்தது என்பதற்கு ஒரு கட்டம் போடுங்கள். நிரப்ப முடியாத இடத்தில் ‘கேட்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘அறியப்படவில்லை’ என்று எழுதாதீர்கள். தனிப்பட்ட முறையில் வாங்குகிறவர்கள், நேரில் வாங்கினால் பெயர், ஊர், தேதி, கொடுத்த விலை நான்கையும் அன்றைக்கே எழுதித் தட்டோடு சேர்த்து வையுங்கள். அவள் பெயரைக் குறித்துக்கொள்ளச் சம்மதமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். பிறருக்கு விற்கும்போது தாளும் தட்டோடு போகட்டும். தாளில்லாத தட்டு எவ்வளவு பளபளத்தாலும், விற்பவர் என்ன கதை சொன்னாலும், குறைந்த விலைக்கே கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கிய அன்றே விற்கிறவர்களும் எழுதி வைக்கத் தொடங்குவார்கள்.